மீன் தொட்டிக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாமே!

"டாக்டர், எரித்ரோமைசின் மாத்திரை ஒரு அட்டை எழுதித் தாங்க" என்று நண்பர் ஒருவர் போனில் கேட்டார்.

யாருக்குங்க என்றேன்.

"வீட்ல இருக்கிற கடல் மீன் தொட்டிக்கு. மணல் மேல சிவப்பா, வழவழன்னு பாசி போர்வை மாதிரி மூடிடுச்சு."

எழுதித் தரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். மீன் வளர்க்காதவர்களும் படிக்கலாம்.

1) அது பாசியே இல்லைங்க. சயனோபாக்டீரியா. சுமார் 240 கோடி வருஷத்துக்கு முன்பு பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரக் காரணமான கூட்டம். அந்தப் படலத்தில் ஒட்டியிருக்கும் குட்டிக் குமிழிகளும் ஆக்சிஜன்தான்.

2) எரித்ரோமைசின் போட்டால் அது சாகும், உண்மைதான். ஆனால் மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நல்ல பாக்டீரியாவும் கூடவே அடிபடலாம். அம்மோனியா ஏறினால் மீன் செத்துவிடும்.

3) அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள்? சாக்கடையில். அங்கிருக்கும் கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகும். வழக்கமான மருந்து கேட்காத நோயாளிகளை நான் வார்டில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

4) காய்ச்சல் மாதிரி, படலம் ஒரு அறிகுறி. காரணம் வேறு. அளவுக்கு மீறிய தீனி, போர் தண்ணீர், நீரோட்டம் போய்ச் சேராத மூலை.

5) என் வீட்டுத் தொட்டியில் நான் செய்வது: டியூப் வைத்துப் படலத்தை உறிஞ்சி வெளியே எடுப்பேன். மீன் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குத்தான் தீனி. உப்பு கலக்க ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுவேன். தேங்கும் மூலைக்குச் சின்ன பம்ப் வைத்திருக்கிறேன். சரியாகச் சில வாரம் ஆகும், பொறுமை வேணும்.

6) நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் சுத்தமாகப் பூஜ்யம் ஆக்கிவிடாதீர்கள். அப்புறம் டைனோஃபிளாஜெல்லேட் என்று பழுப்புச் சளி கிளம்பும். அது இதைவிடப் பிடிவாதக்காரன்.

7) இது ரொம்ப முக்கியம். ஜோவாந்திட் பவளம் ஒட்டிய பாறையைப் பாசி போக்குவதற்காகத் தேய்க்காதீர்கள். வெந்நீர் ஊற்றவோ வேகவைக்கவோ கூடவே கூடாது. சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு. அந்த ஆவியைச் சுவாசித்த குடும்பங்களே மருத்துவமனையில் சேர்ந்திருக்கின்றன.

8) கையில் காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள். காசநோய்க் கிருமியின் உறவுக்காரன் ஒருவன், மைக்கோபாக்டீரியம் மரினம், அந்த வழியாக உள்ளே வருவான். விரலில் கட்டி வந்து வாரக்கணக்கில் ஆறவில்லையா? மருத்துவரிடம் போகும்போது "எங்க வீட்ல மீன் தொட்டி இருக்கு" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நாங்கள் கேட்க மறந்துவிடலாம்.