நடுவில் ஒரு கரை

(மூன்றாமாண்டு இளங்கலை வரலாறு மாணவி ஒருவர்)

கல்லூரி மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியபோது, முத்துக்குளிப்பைப் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். கடற்கரையிலிருந்து வருகிறவள் வேறு எதை எழுதுவாள் என்று தோழியரும் கேட்டனர். ஆனால் சில மாதங்களாக எங்கள் வீட்டில் ஓயாத பேச்சு ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேருவதா, ஒரு பட்டம் வாங்கிக்கொண்டு மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேருவதா என்பதே அது. வக்கீலாக வேண்டும் என்ற ஆசையை மனத்துக்குள் வைத்திருப்போர் இக்கல்லூரியிலும் சிலர் இருப்பீர்கள். ஆகவே அதையே எழுதுகிறேன். முத்துக்குளிப்பும் இடையே வரும், வராமல் இருக்குமா?

என் தாத்தா காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி முத்துப் பாரில் இறங்கியவர். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது. அதன்பின் பார்களில் சிப்பி கூடவில்லை. அப்பாவுக்கு வாய்த்தது சங்கு. கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குவார். காது இப்போது பாதிதான் கேட்கும்.

நான் பதினோராம் வகுப்பில் இருந்தபோது, அப்பா போன படகில் யாரோ ஒருவருடைய சாக்கில் கடல் அட்டை அகப்பட்டது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001 முதல் அதைப் பிடிப்பது குற்றம். படகில் இருந்த அத்தனை பேர் மேலும் வழக்கு. அப்பா தம்மால் படிக்க முடியாத தாள் ஒன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அதில் என்ன இருந்தது என்று கேட்டபோது, "தெரியல மக்கா, போடச் சொன்னாவ, போட்டேன்" என்றார். வழக்கு இரண்டு ஆண்டுகள் நடந்து, அவருக்கு விடுதலை கிடைத்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை நாள் கடலுக்குப் போகாமல் நீதிமன்ற வராந்தாவில் நின்றார் என்பதை அம்மா நாள்காட்டியில் சுழித்து வைத்திருக்கிறார்.

அந்த வராந்தாவில்தான் ஓர் இளம் பெண் வழக்கறிஞர் எனக்குப் பழக்கமானார். "அக்கா, வக்கீலாக எந்தப் படிப்பு நல்லது?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நான் மூணு வருசம். எங்க சீனியர் மகன் அஞ்சு வருசம். ரெண்டு பேருக்கும் ஒரே கறுப்புக் கோட்டுதான். நீ எந்த வழியா வந்தேன்னு நீதிபதி கேட்கமாட்டாரு" என்றார்.

அது முழுக்க உண்மை. எந்த வழியில் வந்தாலும் பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 2011 முதல் நடந்துவரும் அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். அதன்பின் உரிமையில் இம்மியும் வேறுபாடு இல்லை.

ஆனால் முன்பு அப்படியில்லை. இதைச் சொல்ல நம் ஊர்க்காரர் ஒருவரையே துணைக்கு அழைக்கலாம். துறைமுகத்துக்குப் பெயராக நிற்கும் வ.உ.சிதம்பரனார் சட்டப் பட்டதாரி அல்லர். அவர் 1894இல் பிளீடர் தேர்வு எழுதித் தேறி, ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கி, 1900இல் தூத்துக்குடிக்கு வந்தார். வசதி படைத்தோர் கப்பலேறி இலண்டனில் பாரிஸ்டராகிவிட்டு வந்த காலம் அது. பாரிஸ்டர், வக்கீல், பிளீடர் என்று படிகள் இருந்தன. எந்த நீதிமன்றத்தில் நின்று பேசலாம் என்பதே ஒருவர் வந்த வழியைப் பொறுத்தது. ஏழைக் கட்சிக்காரருக்காக வாதாடிய அந்தப் பிளீடர்தான் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். 1908இல் தண்டனை பெற்றபின் அவருடைய சன்னது பறிபோயிற்று. 1912இல் விடுதலையாகி வெளியே வந்தும் வழக்காட முடியவில்லை. அதைத் திரும்பப் பெற உதவியவர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் சிதம்பரனார். சன்னது என்பது ஒரு மனிதருக்கு எவ்வளவு பெரிது என்பதை அந்தப் பெயரைக் கேட்டபோதுதான் நான் உணர்ந்தேன். மேற்சொன்ன படிகளையெல்லாம் அகற்றி, 'வழக்கறிஞர்' என்ற ஒரே வகுப்பை ஆக்கியது 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம். பெண்ணென்பதால் வழக்காடத் தடையில்லை என்று சட்டம் சொன்னதோ 1923இல்தான். ஆகையால் சிதம்பரனார் தொழில் தொடங்கிய நாளில் என் கேள்விக்கே இடமிருந்திராது.

உரிமை ஒன்றுதான் என்றால், ஐந்தில் முடிவதை விட்டுவிட்டு மூன்றும் மூன்றும் ஆறு என்று எதற்காகச் சுற்ற வேண்டும்? பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் நானும் ஐந்தாண்டுப் படிப்புக்கே விண்ணப்பிக்க இருந்தேன். மதிப்பெண்ணும் இருந்தது. அரசு சட்டக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு இல்லை. ஐந்தாண்டுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், மூன்றாண்டுக்குப் பட்டப் படிப்பு மதிப்பெண் என்று தரவரிசை போடுகிறார்கள். (திருச்சியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்குத்தான் கிளாட் தேர்வு, அதன் கட்டணத்தைக் கேட்டபின் எங்கள் வீட்டில் அப்பேச்சு எழவில்லை.) திருநெல்வேலியில் 1996 முதல் அரசு சட்டக் கல்லூரி இருப்பதால் சென்னைக்கோ மதுரைக்கோ போய்த் தங்க வேண்டியதில்லை.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அஞ்சு வருசம்ங்கியே, நடுவுல ஏதாச்சும் ஆச்சுன்னா கரையேற முடியுமா?"

எனக்குத் தெரியவில்லை. வராந்தா அக்காவிடம் கேட்டேன். பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளை எடுத்துக் காட்டினார். ஒருங்கிணைந்த படிப்பை மூன்றாண்டில் நிறுத்தி, படித்த மட்டுக்கு ஒரு பி.ஏ. கொடுங்கள் என்று கேட்க முடியாது. வேறு பட்டம் இருக்கிறது, நடு ஆண்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்க முடியாது. எங்கள் தெருவிலேயே ஒருவர் மூன்றாண்டு படித்து, வீட்டுக் கடனால் நின்றுவிட்டார். இன்றும் அவர் கையில் இருப்பது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்தான்.

அப்போது அப்பாவின் வழக்கு முடியவில்லை. அத்தை வேறு, "ஆறு வருசமா? அஞ்சு வருசமா? அதுக்குள்ள இவளுக்கு ரெண்டு பிள்ள பொறந்திரும்லா" என்று வாசலில் நின்று கணக்குப் போட்டார். எந்த ஆண்டு என் படிப்பு நிறுத்தப்படும் என்று தெரியாத வீட்டில், நடுவில் கரையில்லாத கடலில் இறங்க எனக்குத் துணிவு வரவில்லை. பி.ஏ. என்றால் யாரும் பயப்படவில்லை. எனவே மூன்றாண்டுக்கு அனுமதி வாங்கினேன். அடுத்த மூன்றாண்டைப் பிறகு கேட்கலாம் என்று வைத்தேன். தவணை முறையில் பொருள் வாங்குவது போலத்தான்.

மூன்றாண்டுச் சட்டம் என்பது வேறு எதுவும் கிடைக்காதவர்கள் படிப்பது என்று உறவினர் ஒருவர் சொன்னார். நான் ஒப்பவில்லை. தமிழ் வழியில் படித்தவள் நான். இந்த மூன்றாண்டில் ஆங்கிலத் தீர்ப்பு ஒன்றைத் தட்டுத் தடுமாறியேனும் படிக்கக் கற்றேன். நான் முதலில் படித்தது, சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதியில் 1904இல் வெளியான அன்னக்குமாரு பிள்ளை - முத்துப்பயல் வழக்கு. கடலடியில் கிடக்கும் சங்கை எடுத்தால் திருட்டாகுமா, அந்தக் கடல் யாருடையது என்பது கேள்வி. ஒரு வாரம் ஆயிற்று, பாதிதான் புரிந்தது. எனினும் சங்கு என்ற சொல்லை ஒரு நீதிபதி நூறாண்டுக்கு முன்பே எழுதியிருந்தார் என்பதில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை அப்பாவுக்கு விளக்க முடியவில்லை. "அப்பவே கேசா!" என்றார்.

இவ்வழியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. ஓராண்டு கூடுதல் என்பது சிறிதன்று. சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்காடியிருக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் அந்த ஓராண்டு இன்னும் கனக்கிறது. பட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 45, பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 40 விழுக்காடேனும் வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. ஆனால் தரவரிசையில் இடம் பிடிக்க அது போதாது. ஆதலால் முதலாண்டுத் தம்பி தங்கையரே, செமஸ்டர்தோறும் மதிப்பெண்ணைக் கவனியுங்கள். இன்னொன்று: துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் மாமா, பள்ளிப் படிப்பை முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர். அவருக்கும் வக்கீல் ஆசை உண்டு. அத்தகைய பட்டத்தை வைத்துச் சட்டப் படிப்பில் சேர முடியாது என்று விதியைப் படித்துச் சொன்னவள் நான். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

பதிவுக் கட்டணத்தை எண்ணி அஞ்சிய நாளும் உண்டு. பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் செய்தித் தாளை வெட்டி வைத்திருக்கிறேன்.

இப்போது என் தம்பி பன்னிரண்டாம் வகுப்பு எழுதுகிறான். அவனுக்கும் சட்டம் வேண்டுமாம், அதுவும் ஐந்தாண்டு. என்னிடம் யோசனை கேட்டார்கள். சேரட்டும் என்றேன். வீட்டில் எல்லோருக்கும் வியப்பு. எனக்கு நல்லதாயிருந்த வழி அவனுக்கும் நல்லதாயிருக்க வேண்டியதில்லை. வழக்கு முடிந்துவிட்டது, படகில் இப்போது ஒழுங்காகப் பங்கு வருகிறது. அவனிடம் யாரும் கல்யாணத் தேதி கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். அத்தை அன்று சீக்கிரம் புறப்பட்டுப் போனார்.

அப்பா மட்டும் பழைய கேள்வியை விடவில்லை. "நடுவுல கரை இல்லன்னு நீதானே சொன்ன?"

"இல்லதான்ப்பா."

"பின்ன, மேல குழாயப் பாத்துக்கிட ஆள் வேணும்லா?"

நான் 2029இல் முடிப்பேன், அவனுக்கு அதன்பின் இரண்டாண்டு மீதமிருக்கும் என்று விரலை மடக்கிக் காட்டினேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் வலை வைத்திருந்த திண்ணையில் எங்கள் இருவருடைய சான்றிதழ்களுக்கும் இடம் ஒதுக்கினார்.

இருவருக்கும் திருநெல்வேலியிலேயே இடம் கிடைத்தால் ஒரே பேருந்தில்தான் போய்வர வேண்டும், இருவருமே முதலாண்டு. தம்பி இப்போதே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான்: பேருந்தில் நான் அவனுடைய அக்கா என்று யாரிடமும் சொல்லிவிடக் கூடாதாம்.