ஒலிபெருக்கி யார் கையில்?

தஞ்சைத் தரணிக்குப் பாட்டுப் பஞ்சம் என்றும் இருந்ததில்லை. காவிரிக் கரையிலே கல்லைத் தட்டினாலும் கானம் பிறக்கும் என்று பெருமை பேசுவோர் இன்றும் உளர். பேசட்டும்! நாம் கேட்க விரும்புவது வேறொன்று. பாடியவர் எந்தத் தெருவினர்? நின்று பாடிய இடம் மேடையா, வரப்பா?

நடவு வயலிலே குனிந்த முதுகோடு பாடியவளுக்கு மேடை இல்லை. ஒப்பாரி கட்டியவளுக்குப் பெயர் இல்லை. பறை கொட்டியவனுக்குப் பிணத்தின் முன்னே நடக்க இடமுண்டு. சபையிலே அமர இடமில்லை. 1946ஆம் ஆண்டு திருவையாற்று விழாவில் தண்டபாணி தேசிகர் தமிழிலே பாடியதற்கே எத்துணைப் பூசல் எழுந்தது! தேர்ந்த இசைவாணருக்கே அந்தக் கதியென்றால், சேரிச் சிறுவனின் குரலை எவர் மதித்திருப்பர்?

அந்தச் சிறுவன் இப்பொழுது ‘ராப்’ பாடுகிறான். பாட்டென்றும் சொல்லலாம், பேச்சென்றும் சொல்லலாம். தாளத்தின் மேல் சொற்களை அடுக்கி வீசும் கலை. ‘அமெரிக்கக் குப்பை’ என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்காக அதன் பிறப்பைச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது.

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி, கறுப்பின மக்களும் போர்ட்டோரிக்கோ மக்களும் வறுமையோடு போராடி வாழ்ந்த இடம். அங்கே செட்ஜ்விக் சாலையில் 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில், 1973 ஆகஸ்ட் 11 அன்று, சிண்டி காம்ப்பெல் என்ற இளம்பெண் ஓர் ஆட்டபாட்ட விருந்து நடத்தினார். எதற்காக? பள்ளி திறக்கப் போகிறது. புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும்! பெண்களுக்கு 25 செண்ட், ஆண்களுக்கு 50 செண்ட் கட்டணம். இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவருடைய உடன்பிறந்த கூல் ஹெர்க். ஹிப் ஹாப் கலையின் பிறந்தநாளாக உலகம் கொண்டாடுவது அந்த நாளைத்தான். மன்னர் மானியமுமில்லை, மடத்தின் ஆசியுமில்லை. வாத்தியார் வேலை பார்க்கும் நமக்கு இந்த வரலாற்றில் பெரிதாகப் படுவது அந்தப் பள்ளித் துணிதான்.

கவிதையை மேடையில் நிகழ்த்திக் காட்டும் போட்டியும் இப்படித்தான் வந்தது. 1986இல் சிகாகோவின் மதுக்கூடம் ஒன்றில் அதை நிலைநிறுத்தியவர் மார்க் ஸ்மித். கட்டடத் தொழிலாளியாக இருந்தவர். நடுவர்களாக இருந்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர், கேட்க வந்த மக்கள். கவியரங்கம் கண்ட நமக்கு இது புதுமையாகத் தோன்றாது.

புதுமையே இல்லை என்பதற்கு நம் மாவட்டத்திலேயே வலுவான சான்று இருக்கிறது. மராட்டியர் ஆட்சிக் காலத்தில் தஞ்சைக்கு வந்து தமிழாகிப்போன லாவணி! மாசி மாதத்துக் காமன் பண்டிகையில் இரு கட்சியாகப் பிரிந்து எதிரெதிரே அமர்வர். கையிலே ‘டேப்’ என்னும் தோற்கருவி. காமன் எரிந்தான் என்பது ஒரு கட்சி. எரியவில்லை என்பது மறு கட்சி. ஒருவர் பாட்டிலே கேள்வி தொடுப்பார். மற்றவர் அங்கேயே, அப்பொழுதே, பாட்டிலேயே விடை கட்ட வேண்டும். தடுமாறினால் கூட்டம் நகைக்கும். விடிய விடிய நடக்கும். இல்லாத காமன் எரிந்தானா இல்லையா என்பதற்கு ஓர் இரவு முழுதும் தூக்கம் கெட்டதை எண்ணினால் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த நாவன்மைக்கும், எதிராளியின் சொல்லைப் பிடித்து அவனையே மடக்கும் கூர்மைக்கும் நாம் தலைவணங்குகிறோம். இன்று ராப் இளைஞர்கள் நேருக்கு நேர் நின்று சொற்போர் புரிவதும் அதுதானே? பொருளை மாற்றினால் போதும். காமனை விட்டுவிட்டுக் கூலியைப் பற்றிப் பாடலாம்.

சென்னையில் வழி திறந்திருக்கிறது. 2018 சனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதன்முதல் மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கானாப் பாடகரையும் பறையிசைஞரையும் ராப் பாடகரையும் தேடித் திரட்டிய குழு அது. ‘சாதியற்ற தமிழர்’ என்று அயோத்திதாசப் பண்டிதர் அன்று எழுப்பிய குரல் அப்பெயரிலே ஒலிக்கிறது. 2020 திசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது. சபாக்களின் மாதத்திலேயே ஒப்பாரியும் கானாவும் ராப்பும் மேடை ஏறின. மாதத்தைத் தேர்ந்ததே பாதி வெற்றி!

மேடை கிடைத்தால் போதுமா என்றால், போதாது. அக்குழுவில் பாடிய அறிவு, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவை ‘என்ஜாய் எஞ்சாமி’ என்று 2021இல் எழுதிப் பாடினார். உலகமே கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அப்பாடலின் பெயர் சொல்லி அட்டைப்படம் வெளியிட்ட ஓர் இசை ஏட்டில் அறிவின் முகம் இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவருக்கென ஓர் அட்டை வந்தது. எழுதியவனின் பெயரை உரக்கச் சொல்வதும் மேடையின் கடமை என்று நாம் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சென்னை நமக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். நம் வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மேசையைத் தட்டிக்கொண்டு, கடைமடைக்கு வராத தண்ணீரைப் பற்றித் தானே கட்டியதைச் சொன்னான். மேட்டூர் திறந்த செய்தி செய்தித்தாளில் வந்துவிட்டதாம்; தண்ணீர்தான் இன்னும் வரவில்லையாம்! திருவிழாவில் இதைச் சொல்லலாமே என்றோம். “திருவிழா மைக்கை எங்க தெருவுக்கு யாரு சார் குடுப்பா?” என்றான். 1968 திசம்பர் 25 அன்று கூலி கேட்ட மக்களில் 44 பேரைக் கீழ்வெண்மணியில் தீக்கு இரையாக்கிய மண்ணில், பதினான்கு வயதுப் பிள்ளை இதைக் கேட்டால் என்ன விடை சொல்வது?

ஆகவே படிப்பகத்தின் முன்னே மாதம் ஒரு சனிக்கிழமை அரங்கு வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஐந்து நிமிடம். சொந்தமாக எழுதியது மட்டும், திரைப்பாட்டுக்கு இடமில்லை. பறை அடிப்பவருக்கு ஊதியம் உண்டு, சாராயப் புட்டி அல்ல. இன்னொரு விதியையும் சேர்க்க நேர்ந்தது. தன் சாதிப் பெருமையை அரிவாளோடு சேர்த்துப் பாடும் ராப்பும் நாட்டில் பெருகுகிறது; பெண்ணை இழித்து எதுகை தேடுவதும் பெருகுகிறது. தாளம் எவ்வளவு சிறந்ததாயினும் அவற்றுக்கு ஒலிபெருக்கி தருவதில்லை. கருத்துரிமை பறிபோயிற்று என்று இளைஞர் இருவர் சினந்து வெளியேறினர். அடுத்த மாதம் ஒருவர் திரும்பி வந்தார்; வேறு பாட்டோடு.

முதல் மாதம் பதினோரு பேர் பாடினர், பெண் ஒருவருமில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் பெண்பிள்ளைகளை வீட்டார் அனுப்பமாட்டார்கள் என்று தெரிந்ததும் நேரத்தை மூன்று மணிக்கு மாற்றினோம். மூன்று பேர் வந்தனர். நடவுக்குப் போகும் தாயொருத்தியும் வந்து, மகள் சொன்னதற்கு எதிர்ப்பாட்டுப் பாடினார். ஒலிபெருக்கிக்காரர் பாதி வாடகைக்கு இசைந்திருக்கிறார். மற்றப் பாதிக்கு உண்டியல் ஏந்துகிறோம். பக்கத்து ஊர்களில் லாவணி தெரிந்த முதியவர் எவரேனும் இருந்தால் தோழர்கள் அழைத்து வாருங்கள்; வண்டிச் செலவு எங்களுடையது.