மூன்று குரல் சிம்பொனி

சிம்பொனி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கறுப்புக் கோட்டு, வரிசை வரிசையாக வயலின்கள், முதுகைக் காட்டிக்கொண்டு குச்சி வீசும் ஒருவர், இருமக்கூடப் பயப்படும் சபை. 2019 ஜூன் 15 அன்று இங்கிலாந்தில் ஹல் என்னும் துறைமுக ஊரின் சிட்டி ஹாலில், ஹல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா உட்கார்ந்து வாசித்தது. பீத்தோவனை இல்லை. 1980-களில் பையன்கள் கமடோர் 64 கம்ப்யூட்டரை வீட்டு டி.வி.யில் சொருகி விளையாடினார்களே, அந்த கேம்களின் இசையை!

சிரிக்காதீர்கள். விஷயம் இருக்கிறது.

கமடோர் 64 வந்தது 1982-ல். பெயரில் இருக்கும் 64 அதன் மெமரி, கிலோபைட்டில். இன்று காலை உங்கள் செல்போனுக்கு வந்த 'குட்மார்னிங்' ரோஜாப்பூவுக்கே அது போதாது. ஆனால் உள்ளே 'ஸிட்' என்றொரு சிப் இருந்தது. பாப் யானஸ் என்ற இளம் இன்ஜினீயர் வடிவமைத்தது. மற்ற பல வீட்டுக் கம்ப்யூட்டர்கள் 'பீப்' என்று கத்திக்கொண்டிருந்தபோது, இது ஏறக்குறைய ஒரு சிந்தசைஸர். குரல்கள் மட்டும் மூன்றே மூன்று. ஏன் மூன்று என்றால், நேரமில்லை. ஒரு குரலுக்கான சர்க்யூட்டை வரைந்து, அதையே மூன்று தடவை பதித்துவிட்டார்கள்.

மூன்று குரலை வைத்து என்ன செய்வது? மெலடிக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று. கணக்கு தீர்ந்தது. கார்டு வாசிக்க ஆள் மிச்சமில்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். ஸ, க, ப மூன்றையும் ஒரே குரலில், ஒன்றன்பின் ஒன்றாக, விநாடிக்கு 50 மாற்றம் என்ற வேகத்தில் சுழற்றினார்கள். காது ஏமாந்து, மூன்றும் சேர்ந்து ஒலிப்பதாக நினைத்துக்கொள்ளும். முழுசாக ஏமாறாது. வண்டு போல ஒரு ரீங்காரம் மிஞ்சும். அந்தக் காலத்து கேம் இசை என்றால் அந்த ரீங்காரம்தான். டிரம்ஸுக்கும் இதே கதை: பேஸ் ஸ்வரம் ஆரம்பிக்கிற கணத்தில் துளி இரைச்சலை நுழைத்துவிட்டு, உடனே ஸ்வரத்துக்குத் திரும்பிவிடுவார்கள். ஒருத்தரே மிருதங்கமும் வாசித்துக்கொண்டு பாடுவது மாதிரி.

இதில் மன்னர் ராப் ஹப்பர்ட். அதே ஹல் ஊரில் பிறந்தவர். 1985-ல் 'மான்டி ஆன் த ரன்' என்ற கேமுக்கு இசை அமைத்தார். மண்ணைக் குடையும் பிராணி ஒன்று தப்பித்து ஓடுகிற கதை. அதற்கு இவ்வளவு அவசியமே இல்லை என்று தோன்றும் அளவுக்கு நிமிஷக்கணக்கில் ஓடும் இசை; நடுவில் வயலின் போல வளைந்து குழையும் ஒரு சோலோ வேறு. ஸ்டாஃப் நொட்டேஷன் இல்லை, கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்வதும் இல்லை. எல்லாம் அசெம்ப்ளி கோடில் எண்களாகத் தட்டப்பட்டவை. மான்செஸ்டரில் ஓஷன் கம்பெனிக்காக மார்ட்டின் கால்வே எழுதிய சில மெட்டுக்கள், காஸெட்டிலிருந்து கேம் ஏறும்வரை பையன்கள் காத்திருக்க வேண்டுமே, அதற்காக மட்டும்!

இவற்றை ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிப்பது புதுசல்ல. கேம் கன்ஸோல்களுக்கு ஜப்பான் முந்திக்கொண்டது: கோயிச்சி சுகியாமா 1987-லேயே 'டிராகன் க்வெஸ்ட்' இசையை மேடை ஏற்றினார். ஜெர்மனியில் 2008 ஆகஸ்ட் 23 அன்று கொலோன் நகரின் வானொலி ஆர்க்கெஸ்ட்ரா ஒரு முழு மாலையையே கிறிஸ் ஹூல்ஸ்பெக்குக்குக் கொடுத்தது. அவர் பதின்வயதில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையின் போட்டியில் ஜெயித்து இந்தப் பக்கம் வந்தவர்.

சரி, கேட்க எப்படி இருக்கிறது?

இங்கேதான் எனக்கு ஒரு தகராறு. விநாடிக்கு 50 ஸ்வரம் வாசிக்க எந்த வயலின் வித்வானாலும் முடியாது. ஆகவே அந்த ரீங்காரத்தை எடுத்துவிட்டு, நிஜமான கார்டைப் போடுகிறார்கள். அந்தக் கணமே தந்திரம் போய்விடுகிறது. மெட்டு ஆடையில்லாமல் நிற்கிறது. சுமாரான மெட்டாக இருந்தால் ஏதோ மூன்றாந்தர சினிமாவின் டைட்டில் மியூசிக் போலாகிவிடுகிறது, டமடமவென்று. நல்ல மெட்டு தப்பிக்கிறது. ஹூல்ஸ்பெக்கின் 'கிரேட் ஜியானா சிஸ்டர்ஸ்' முகப்பு இசையைக் கேட்டுப் பாருங்கள். குதித்து ஓடுகிற ஒரு குழந்தை விளையாட்டுக்குள் இத்தனை சோகம் ஒளிந்திருந்ததா என்று இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. ஸிட் சிப்பின் ஃபில்டர் ஒவ்வொரு சிப்பிலும் கொஞ்சம் வேறு மாதிரி வேலை செய்யும். இசையமைத்தவர் தன் மேஜையில் கேட்டது ஒன்று, லீட்ஸில் ஒரு பையன் கேட்டது இன்னொன்று. எது ஒரிஜினல் என்று ஆர்க்கெஸ்ட்ராக்காரர் யாரைப் போய்க் கேட்பார்?

கேட்கவேண்டியவர்களும் குறைந்து வருகிறார்கள். 'லாஸ்ட் நின்ஜா'வுக்கு இசையமைத்தவர்களில் ஒருவரான பென் டாக்ளிஷ் நல்ல புல்லாங்குழல் வித்வான். இந்தப் பழைய மெட்டுக்களை மேடையில் தானே ஊதியவர். ஹல் கச்சேரிக்கு எட்டு மாதம் முன்னால், 2018 அக்டோபரில், 52 வயதில் போய்விட்டார்.

சிப் வாசித்ததும் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்ததும் இணையத்தில் கிடைக்கின்றன. முதலில் சிப்பைக் கேளுங்கள். ஹெட்போன் வேண்டாம், மட்டமான சின்ன ஸ்பீக்கர் போதும். அதற்குப் பிறகு ஆர்க்கெஸ்ட்ரா.