முருங்கைக் கட்டும் வாய்க்கரிசியும்

தொப்பம்பட்டியில் எங்கள் தோட்டத்து முருங்கை வழக்கமாக ஒட்டன்சத்திரம் சந்தைக்குத்தான் போகும்; அங்கிருந்து கேரளத்துக்கு லாரி ஏறும். ஒருமுறை, விலை கூடக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, அப்பா வேறோர் ஊர்ச் சந்தைக்கு டெம்போ பிடித்தார். நானும் கூடப் போனேன். சந்தை பூட்டிக் கிடந்தது. வியாபாரிகள் சங்கம் முந்தின நாள்தான் கூடிக் கடையடைப்பு என்று முடிவெடுத்ததாம். எதிரே டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. பறித்த காய் காத்திருக்குமா? வழி நெடுகக் கேட்ட விலைக்குக் கொடுத்துக்கொண்டே ஊர் திரும்பினோம். அப்பா யாரையும் திட்டவில்லை. "நமக்கு ஆரு வந்து சொல்லுவா?" என்றார், அவ்வளவுதான்.

கனடாவில், அஜாக்ஸ் நகரில், மளிகைக் கடை வைத்த இரண்டாம் வருடம் அந்தக் கேள்வி திரும்பி வந்தது. பனி உருகிய ஒரு காலை, கடைக்கு முன்னால் சாலையைத் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் பின்வாசலைத் திறந்து, அம்புக்குறி போட்ட பலகையும் வைத்துத் தயாராக இருந்தார். அவர் அஜாக்ஸ்-பிக்கரிங் வர்த்தகக் கழகத்தின் உறுப்பினர். கூட்டத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறார். நான் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை. குறை என்னுடையது. அந்த வாரமே சந்தா கட்டினேன்.

இந்த ஊரின் பிறப்பே விசித்திரம். 1941-இல் பீரங்கிக் குண்டு செய்யும் ஆலைக்காக விளைநிலத்தின் மேல் எழுந்தது. 1939 டிசம்பரில் ரிவர் பிளேட் கழிமுகத்தருகே ஜெர்மானியரின் கிராஃப் ஸ்பீ கப்பலை எதிர்த்த போர்க்கப்பல் ஒன்றின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். முக்கிய வீதியான ஹார்வுட் அவென்யூ அந்தச் சண்டையை நடத்திய தளபதியின் பெயர். 2001-இல் 73,000 சொச்சம் பேர். 2021-இல் 1,26,000-ஐத் தாண்டிவிட்டது. வந்து சேர்ந்தவர்களில் ஈழத் தமிழர் பலர். குண்டு செய்த மண்ணில், குண்டுக்குத் தப்பி வந்தவர்கள் வீடு வாங்கிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

"ஏன் அண்ணை, எங்கட சம்மேளனம் இருக்குத்தானே?" என்று, நான் வர்த்தகக் கழகத்தில் சேர்ந்ததை அறிந்த வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். இருக்கிறது. கனடியத் தமிழர் வர்த்தக சம்மேளனம் 1991-இல் தொடங்கியது. அது எங்கள் பலம். சென்னையிலும் இப்படித்தான்: 1836-இல் பிறந்த மெட்ராஸ் சேம்பரில் ஐரோப்பிய நிறுவனங்களின் கை ஓங்கியிருந்தது, 1909-இல் இந்திய வணிகர்கள் பிட்டி தியாகராயரைத் தலைவராக்கித் தென்னிந்திய வர்த்தக சபையை நிறுவினார்கள். நமக்கென்று ஒரு சபை வேண்டும்தான். ஆனால் சாலை, பனி அள்ளும் வண்டி, பஸ் நிறுத்தம் பற்றிய பேச்சு நடப்பது ஊர்ப் பொதுவான அறையில். அங்கே ஒரு நாற்காலியாவது நமக்கு வேண்டும்.

வர்த்தகக் கழகத்தின் முதல் கூட்டத்தில் காப்பிக் கோப்பையோடு சுவரோரம் நின்றேன். அரை நிமிடத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். "முருங்கைக்காய் விற்கிறேன்" என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. கூட்டம் முடிந்ததும் ஈமச்சடங்கு நிலையம் நடத்தும் அம்மா ஒருவர் தேடி வந்தார். தமிழ்க் குடும்பங்கள் அரிசியும் தேங்காயும் கொண்டுவருகின்றன; எதற்கென்று துக்கத்தில் இருப்பவர்களிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கியே இருந்திருக்கிறார். வாய்க்கரிசி என்றால் என்ன, யார் போடுவார்கள், வரிசையாக வருபவர்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், விளக்கு ஏன் தலைமாட்டில் என்று சொன்னேன். எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அடுத்தடுத்த சாவு வீடுகளில் அரிசித் தட்டு வைக்கத் தனி மேசை இருந்ததைப் பார்த்தேன். அன்று நான் ஒரு டாலர் வியாபாரம் பேசவில்லை. ஆனால் ஊர்க்காரனாகிவிட்டதாக முதன்முதலில் தோன்றியது அந்த மேசையைப் பார்த்தபோதுதான்.

எங்கள் வரிசையில் இப்போது வவுனியாப் பெண் ஒருத்தி அழகு நிலையம் திறந்திருக்கிறாள். அடுத்த கூட்டத்தில் வண்டி நிறுத்தும் இடம் பற்றிப் பேசுகிறார்கள். தேதியை ஒரு தாளில் எழுதி அவளுடைய கல்லாவில் ஒட்டிவிட்டு வந்தேன். "தனியாப் போகத் தயக்கமா இருந்தா நானே வந்து கூட்டிட்டுப் போறேன்மா" என்றேன். "ஓம் அண்ணை, வாறன்" என்றாள்.