பென் டிரைவ் வாங்கப் போறீங்களா?

ஒண்டிக்கடையில இருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். வாங்கின பென் டிரைவ் சொதப்பினா, மாத்தறதுக்கு மறுபடியும் அதே 20. அதனால மலைக்காரங்க கொஞ்சம் விவரமா வாங்கறது நல்லது.

32 ஜிபின்னு அட்டையில போட்டிருக்கும், கம்ப்யூட்டர்ல 29.8 தான் காட்டும். உடனே கடைக்காரரைத் திட்டாதீங்க! 1 ஜிபி என்றால் கம்பெனிக்கு 100 கோடி பைட், விண்டோஸுக்கு 107 கோடிக்கு மேல. காமர்ஸ் பாஷையில சொன்னா கணக்கு ஒண்ணுதான், யூனிட்தான் வேற.

நிஜமான மோசடி வேற இடத்துல இருக்கு. அடிமாட்டு விலைக்கு '1 டிபி' விக்கறாங்களே, அதுல பலதுக்குள்ள சின்ன சிப்தான் இருக்கும். அதை 1 டிபின்னு பொய் சொல்ல வச்சிருப்பாங்க. ஃபைல் காப்பி ஆன மாதிரியே தெரியும். பிராஜெக்ட் கொடுக்கற அன்னைக்குத் திறந்தா ஒண்ணும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச சாஃப்ட்வேர் டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படிச்சுப் பார்த்து சொல்லிடும். 32 ஜிபிக்கே ஒரு மணி நேரம்கூட ஆகலாம், கடையில நிக்க விடமாட்டாங்க. பில் வாங்கிட்டு வந்து, எதையும் போடறதுக்கு முன்னாடி வீட்டுல ஓட்டிடுங்க.

அட்டையில பெருசா போடற வேகம் பெரும்பாலும் படிக்கிற வேகம். எழுதற வேகத்தைக் கேளுங்க. டாலி ஃபோல்டர் மாதிரி குட்டிக் குட்டி ஃபைலா இருந்தா அதுவும் படுத்துடும், ஜிப் பண்ணிப் போடுங்க. 4 ஜிபிக்கு மேல ஒரே வீடியோ ஏறலைன்னா டிரைவ் கெட்டுப்போகலை, ஃபேட்32 ஃபார்மட்டோட எல்லை அது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்தினா ஏறிடும்.

என் ஓட்டு 64 ஜிபிக்கு, ஒரு முனை டைப்-சியா இருக்கறதுக்கு. போன்லயும் சொருகலாம்ல!