ஒன்றும் நடக்காத இரவுகள்

கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து மலையேறக் கிளம்பினால், எங்கள் கூத்தாநல்லூரில் பெரியவர்கள் முதலில் கேட்பது, "மலையில என்னப்பா இருக்கு?" என்பதுதான். அந்தக் கேள்வியில் குற்றமில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் வயலையும் வெண்ணாற்றையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். வரப்பைவிட உயரம் ஆற்றங்கரை. அதைவிட உயரம் பள்ளிவாசல் மினாரா. ஆனாலும் நான் பிள்ளைகளைப் போகத்தான் சொல்வேன். போகிற மலையில் தீக்காவல் கோபுரம் இருந்தால், அருவியைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன்.

இந்த வகைக் கோபுரங்களுக்குப் பேர்போன நாடு அமெரிக்கா. 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொன்டானா மாநிலங்களில் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்துபோயிற்று. 80 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த அடிக்குப் பிறகுதான் சிகரத்துக்குச் சிகரம் காவல் குடில்கள் எழுந்தன. ரெய்னியர் மலைப் பூங்காவில் 1930-களில் கட்டிய சில குடில்கள் இன்றும் நிற்கின்றன. நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரே அறை. நடுவில் வட்டமான வரைபடம் பதித்த ஒரு குறிபார்க்கும் கருவி. புகை தெரிந்தால் காவலர் அதைக் குறிபார்த்துத் திசையைச் சொல்வார். இன்னொரு சிகரத்துக்காரரும் தன் திசையைச் சொல்வார். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தீ. இடி மின்னல் நேரத்தில், கால்களில் கண்ணாடிக் குமிழ் பொருத்திய சிறு இருக்கையின் மேல் ஏறிக்கொள்வார்கள், மின்னல் தாக்காமலிருக்க. அந்தக் காலத்தில் கோடை முழுவதும் அங்கே பெரும்பாலும் ஒற்றை ஆள். இப்போது அந்தக் குடில்களுக்கு மக்கள் நடந்தே ஏறிப்போய்ப் பார்க்கிறார்கள்.

நம் முதுமலையிலும் ஆனைமலையிலும் இந்தக் காவல் உண்டு. பிப்ரவரி பிறந்தால் புல் காய்ந்துவிடும், உண்ணிச்செடிப் புதர் சருகாகிவிடும். அதற்கு முன்பே தீத்தடுப்புக் கோடு வெட்டிச் சுத்தம் செய்தாக வேண்டும். மலைவாழ் மக்களிலிருந்து தீக்காவலர்களை அமர்த்துகிறார்கள். டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் பார்த்த தீயை உடனே தெரிவிக்கிறது. சேதி வானத்திலிருந்து வந்தாலும், அணைக்கப் போகிறவர் மனிதர்தான். அந்தச் சரிவில் தண்ணீர் எங்கே கிடைக்கும்? பச்சைத் தழையை ஒடித்துக் கொத்தாகப் பிடித்து அடித்துத்தான் அணைக்கிறார்கள்.

இந்தத் தீக்காவலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஐப்பசி, கார்த்திகை மாதத்து வெண்ணாற்றங்கரைதான் கண்ணில் நிற்கிறது. கல்லணையில் காவிரியிலிருந்து பிரிந்து வரும் ஆறு இது. அடைமழையில் கரை தளும்பி ஓடும். அப்போது ஊர் ஆட்கள் அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாக இரவெல்லாம் கரையில் நடப்பார்கள். ஆற்றங்கரையைக் கவனிக்கும் அரசு ஊழியரான லஸ்கரும் கூட வருவார். அவர்கள் கண் பெரிய வெள்ளத்தின் மேல் இருக்காது. கரையின் மறுபுறச் சரிவிலே இருக்கும். அங்கே நண்டு வளை வழியாக விரல் தடிமனில் நீர் கசிந்தால் போதும், விடிவதற்குள் கரை உடைத்துக்கொள்ளும். கசிவிலேயே கண்டால் நாலு மூட்டை மண் போதும். உடைத்த பிறகு ஊரே திரண்டாலும் போதாது. நடவு போட்ட வயல் அத்தனையும் மணலாகிவிடும்.

உடைப்பெடுத்த வருஷத்தை எல்லோரும் பேசுவார்கள். உடையாமல் காத்த இரவுகளைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. காவல் வேலையின் இயல்பு அது. சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யார் மாலை போடுவார்கள்? அதனால்தான் நம் பிள்ளைகள் அந்தக் கோபுரத்தடியில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்கிறேன். எரியாமல் நிற்கும் காட்டைப் பார்க்கும்போது, அதற்காகக் கண் விழித்தவர்கள் நினைவுக்கு வர வேண்டும்.

காவலின் அருமை நமக்கு மிகுந்த துயரத்தில்தான் புரிந்தது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயது. காய்ந்த புல்சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. அதன் பிறகுதான் அரசு மலையேற்றத்துக்கு விதிமுறை வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தார்கள். மலைக்கிராமத்து ஆட்களே பயிற்சி பெற்று வழிகாட்டியாக வருகிறார்கள். தீ பிடிக்கும் மாதங்களில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். மூடியிருக்கிறது என்றால் வருத்தப்படாதீர்கள். அந்த அறிவிப்பே ஒரு காவல்தான். வழிகாட்டி "இங்கே நில்" என்றால் நில்லுங்கள். அவர் படித்த பட்டம் உங்களைவிடக் குறைவாக இருக்கலாம். அந்த மலையை அவர் பிறந்ததிலிருந்து படித்திருக்கிறார்.

மலை எரிந்தால் நமக்கென்ன என்று டெல்டாக்காரர்கள் இருந்துவிட முடியாது. நீலகிரியின் மோயாறு பவானியில் சேருகிறது, பவானி காவிரியில் சேருகிறது. ஆனைமலைப் பக்கத்து அமராவதி கரூர் தாண்டிக் காவிரிக்கு வருகிறது. மேலே காடு மழையைப் பிடித்துவைத்து மெல்ல விடுவதால்தான் ஆற்றில் நீர் நின்று வருகிறது. எரிந்த சரிவில் விழும் மழை மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிடும். நாம் முகம் பார்த்திராத ஒரு தீக்காவலர், நம் சம்பா வயலுக்கும் சேர்த்துத்தான் விழித்திருக்கிறார். அந்தக் காடு நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

இப்படிப் பேசப்படாத காவல் ஊருக்குள்ளும் உண்டு. எங்கள் ஊரைச் 'சின்ன சிங்கப்பூர்' என்பார்கள். ஆண்கள் மலேசியா, சிங்கப்பூர், அரபு நாடு என்று போய்ச் சம்பாதித்த ஊர். அந்தப் பெருமையை நாங்கள் நிறையப் பேசிவிட்டோம். வருஷக்கணக்கில் தனியாக இருந்து பிள்ளைகளைப் படிக்கவைத்து, மாமனார் மாமியாரைப் பார்த்து, வீட்டில் சிறு கசிவும் பெரிதாகாமல் காத்த பெண்களைப் பற்றி அவ்வளவு பேசவில்லை. அவர்கள் காவலில்தான் இந்த ஊர் நின்றது.

ஆகவே பிள்ளைகளே, மலைக்குப் போங்கள். தீப்பெட்டியும் பீடி சிகரெட்டும் கொண்டுபோகாதீர்கள். உடன் வரும் வழிகாட்டியிடம் போன கோடையில் எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்தார் என்று கேளுங்கள். திரும்பி வந்ததும் வீட்டிலோ தெருவிலோ ஒரு காவலை உங்கள் பங்காக எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் மருந்து வேளையாக இருக்கலாம், தெருக்கோடி வாய்க்காலின் அடைப்பாக இருக்கலாம், பேச்சுக் குறைந்துபோன ஒரு நண்பனாக இருக்கலாம். யாரும் பாராட்ட மாட்டார்கள். அதற்காக விட்டுவிடாதீர்கள்.