அசையாச் சொத்து!

காரைக்குடியிலிருந்து திருச்சி போகிற வழியில் இருக்கிறது கானாடுகாத்தான். ஊருக்குள் நுழைந்தால் ஆட்களைவிடப் பூட்டுகள்தான் அதிகம். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்கட்டிலிருந்து பின்கட்டுக்குச் சேதி சொல்லத் தபால்தான் போடவேண்டும்!

நான் பார்த்த வீட்டில் ஆள் நடமாட்டம் நின்று பல வருஷம் ஆயிற்று. முகப்பில் சுதை லட்சுமிக்கு மூக்கு இல்லை. பக்கத்து யானை தும்பிக்கையைத் தொலைத்துவிட்டு, ரிட்டயரான ஹெட்கிளார்க் போல வேலையில்லாமல் நிற்கிறது. சுவரில் ஓர் ஆலங்கன்று, ஜப்திக்கு வந்த அமீனா மாதிரி சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

சாவி வைத்திருந்த பெரியவர் கதவைத் தள்ள, 'யாருப்பா அது, இந்த நேரத்துல?' என்று முனகிக்கொண்டே திறந்தது. உள்ளே முற்றம். சுற்றிலும் பர்மா தேக்குத் தூண்கள், பந்தியில் இலை போட்டும் சாதம் வராத சம்பந்திகள் போல வரிசையாக. முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுண்ணாம்புச் சுவர் மட்டும் இன்னும் வழவழவென்று, பளிங்கு மாதிரி. முற்றத்தைச் சுற்றி அறைகள். அறைக்கு ஒரு பூட்டு.

"எதுக்குய்யா இத்தனை பூட்டு?"

"கல்யாணமான பிள்ளைக்கு ஆளுக்கொரு அறை தம்பி. அவங்க பேரப் பிள்ளைங்க இப்ப சிங்கப்பூர், அமெரிக்கானு இருக்காங்க. ஒரு ஓடு மாத்தணும்னாலும் எல்லாரும் சரிங்கணும். மழை மட்டும்தான் யாரையும் கேக்காம உள்ள வருது."

பர்மாவில் வட்டித் தொழில் செய்த நகரத்தார் பணத்தில் எழுந்தவை இவை. 1930-களின் பொருளாதார மந்தம், 1942-ல் ஜப்பான் படையெடுப்பு, பிறகு நிலங்களை பர்மா அரசு எடுத்துக்கொண்டது... வரவுப் பக்கம் காலி. ஆனால் அது பாதிக் கணக்குதான். ஒருத்தர் சொத்தாக இருந்தால் விற்றாவது பிழைத்திருக்கும். கூட்டல் கணக்கில் எழுந்த வீடு, வகுத்தல் கணக்கில் விழுகிறது!

காமர்ஸில் வீட்டை 'அசையாச் சொத்து' என்று சொல்லிக் கொடுத்தார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். இடித்த வீடுகளின் தூண், உத்தரம் எல்லாம் விலைக்கு நிற்கின்றன. நிலைக்கதவுகூட நிலையாக நிற்கவில்லை, சார்!

பங்காளிகள் ஒத்துப்போன சில வீடுகள் ஹோட்டலாகி, விளக்கெரிய ஜோராக இருக்கின்றன. உங்கள் தாத்தா வீடும் எங்காவது பூட்டிக் கிடக்கிறதா? வருகிற தீபாவளிக்குப் பங்காளிகள் கூடும்போது பேசிவிடுங்கள். சீட்டுக்கட்டைப் பிரிப்பதற்கு முன்னால்!